கப்பலுக்கு எடுத்த அரை டிக்கெட்

கிர்ர்ரக். பஸ்ஸில் கண்டக்டர் கையிலிருக்கும் மிஷின் சீட்டைத் துப்புகிற சத்தம் அது. மற்றவர்களுக்கு அது ஒரு சத்தமாகவே கேட்காது. எனக்கோ இன்றைக்கும் அடிவயிற்றில் ஒரு பல்லி குறுக்கே ஓடும். அடுத்த நொடி நான் பஸ்ஸில் இருக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முந்திய மே மாதக் கடைசி, நாகப்பட்டினம் துறைமுகம், வெயில் ஏறாத காலை, கையில் நான்கு பாஸ்போர்ட். அங்கே போய் நிற்பேன்.

எங்கள் வீடு கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில். மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, பத்துப் பன்னிரண்டு பலா. ஆறேழு வருஷமாக மிளகுக் காட்டின் ஓரத்தில் நான்கு கூடாரம் போட்டு, மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஒரே மகள், கணவர் தவறியபின் எங்களோடேயே இருக்கிற நாத்தனார். கூடாரம் அடிப்பதும் பிரிப்பதும் காயப்போடுவதும் எங்கள் நாலு பேருக்கும் சோறு வடிக்கிற மாதிரி. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து எங்கள் கூடாரத்துக்குள் படுத்து, மழையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் நாலு பேரும் ஒரு நாளும் அதற்குள் படுத்ததில்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் உண்டு. வந்த அன்றைக்கே பேய் மழை. கூடாரம் ஒழுகிவிட்டது. அவர்களை எங்கள் அறையில் படுக்க வைத்துவிட்டு நாங்கள் அடுப்படியில் படுத்துக்கொண்டோம். போகும்போது அந்த மனிதர் என் வீட்டுக்காரரின் கையை விடவே இல்லை. "நீங்கள் ஒருக்கால் எங்கட ஊருக்கு வரோணும் அண்ணை. கடற்கரையோட பனங்காணி ஒண்டு சும்மா கிடக்கு. உங்கட கூடாரத்தையே கொண்டு வாங்கோ" என்றார். ஏதோ வாய்ப் பேச்சு என்று நினைத்தோம். அவர் மறக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் குரல் செய்தி அனுப்புவார்: எப்ப வாறியள்?

அந்தக் கேள்வி என்னைத்தான் அதிகம் அரித்தது. மலையில் பிறந்தவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவுதான். பார்வை போய் எதிலாவது முட்டி நிற்கும். எதிலும் முட்டாமல் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. கரையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறேன். கடலில் நின்று கரையைப் பார்த்ததில்லை. நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஆசை வருவது நியாயமா என்று தெரியாது. வந்துவிட்டது.

பிளேனுக்குக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பருவத்து மிளகை அப்படியே கொட்டிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது என்று தெரிந்ததும் என் தேடல் ஆரம்பித்தது. ஐந்து வாரம். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மிளகுக் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறி வடகிழக்கைப் பார்த்து உட்கார்ந்தால் ஒன்றரைக் கோடு வரும். மத்தியானம் வேலை ஒழிந்ததும் போனை மடியில் கட்டிக்கொண்டு அதில் ஏறுவேன். திரையில் அந்த வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். விலை தெரிவதற்குள் மேகம் வந்துவிடும். எந்தக் கிழமை குறைவு, போகிற நாளும் வருகிற நாளும் எப்படிச் சேர்ந்தால் குறைவு, ஆளுக்கு எவ்வளவு எடை இலவசம், கூடாரக் கம்பி நீளமாக இருந்தால் தனியாகக் கேட்பார்களா, இதெல்லாம் பிள்ளையின் பழைய நோட்டில் எழுதி வைத்தேன். இராமேஸ்வரத்திலிருந்து போனால் சல்லிசு என்று ஒருவர் அடித்துச் சொன்னார். விசாரித்தால் அது அவர் தாத்தா காலத்துக் கதை. நாமக்கல்லில் ஒரு ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தேன்.

"ஓட்டலோட சேத்துத்தாங்க டிக்கெட் தருவோம்" என்றார்.

"ஓட்டல் வேண்டாங்க. எங்ககிட்ட கூடாரம் இருக்குதுங்க."

"கப்பல் ஏறிப் போயி கூடாரத்துலயா படுப்பீங்க?" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மிளகு நிறுக்கிற தராசை நடு வாசலில் தொங்கவிட்டு, கூடார மூட்டையை ஒரு தட்டிலும் படிக்கல்லை மறு தட்டிலும் வைத்து என் வீட்டுக்காரர் எடை பார்த்தார். கனமான இரும்பு முளைகளை எடுத்துப் போட்டுவிட்டு மூங்கிலில் புதிதாகச் சீவினார். காஸ் அடுப்பு கூடாது என்று நான் படித்துச் சொன்னபோது, "அந்த ஊர்ல மூணு கல்லு கெடைக்காமயா போயிரும்?" என்றாள் நாத்தனார்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அகப்பட்டது. போவது செவ்வாய், திரும்புவது ஞாயிறு. இதைவிடக் குறைந்த விலையை அந்த ஐந்து வாரத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் நாலு பாஸ்போர்ட் எடுத்ததிலேயே கையிருப்பு கரைந்திருந்தது. நாலு பேருக்கும் போட்டால் கொஞ்சம் எட்டாமல் நின்றது. அதிகமில்லை, கொஞ்சம்தான். திரையில் இரண்டு கட்டம் இருந்தது. பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை. பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் குழந்தை. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று முடிந்திருந்தது.

இங்கே நான் பஸ் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எங்கே போவதென்றாலும் பஸ்தான். நாமக்கல் பஸ்ஸில், சேலம் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் எடுக்காத தாய் எங்கள் நாட்டில் இல்லை. கண்டக்டர் வரும்போது "குனிஞ்சு உக்காரு கண்ணு" என்போம். பிள்ளைகளும் முழங்காலை மடக்கி, தோளைச் சுருக்கி, முகத்தைச் சின்னதாக்கிக்கொள்ளும். கண்டக்டருக்கும் தெரியும். அவர் சிரிப்பார், நாங்கள் சிரிப்போம், மிஷின் கிர்ரக் என்னும். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. என் மகள் எலும்பும் தோலுமாக, வயதுக்குக் குள்ளமாக இருப்பாள். அதனால் எனக்கு இன்னும் வசதி. பஸ்ஸுக்குள் அவள் வயது பத்தில் நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அவளுக்கு அங்கே பிறந்தநாளே வரவில்லை.

அந்தப் பாறை மேல், ஒன்றரைக் கோடு சிக்னலில், குழந்தை என்ற கட்டத்தில் ஒன்று போட்டேன். வயது கேட்டது. பதினொன்று என்று அடித்தேன். பழக்க தோஷம், விரல் தானாகப் போய்விட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விரல் எங்கே தானாகப் போகும்? நான்தான் போட்டேன். பணம் போய், டிக்கெட் வந்து விழுந்ததும் பாறையிலிருந்து ஓடியே இறங்கினேன். "கெட்டிக்காரி புள்ள நீ" என்றார் என் வீட்டுக்காரர். வாரச் சந்தையில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. விசா வேலையை யாழ்ப்பாணத்துக்காரரே இணையத்தில் முடித்துக் கொடுத்தார். எல்லாம் சரி.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது பாறையில் அவருடைய குரல் செய்தி ஒன்றைக் கேட்டேன். "அக்கா, டிக்கெட்டில இருக்கிறதும் பாஸ்போட்டில இருக்கிறதும் ஒண்டா இருக்கோணும். பேர், வயசு எல்லாம் வடிவாப் பாப்பினம். ஒருக்காச் சரிபார்த்துக்கொண்டு வாங்கோ."

அவர் நல்ல மனதோடு சொன்னது. வடிவா என்றால் அவர்கள் பேச்சில் நன்றாக, கவனமாக என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் கேட்கிறவர் கண்டக்டர், பதில் சொல்வது என் வாய். கப்பலில் கேட்கப்போவது யார்? பதில் சொல்லப்போவது அரசாங்க முத்திரை போட்ட ஒரு புத்தகம். இது எனக்கு ஏன் அந்தப் பாறையில் தோன்றவில்லை?

அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று நாள் பாறையில் ஏறி ஏறிக் கப்பல் கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டுக் கேட்கும், அறுந்துவிடும். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். அவளிடமும் என்னால் உள்ளதைச் சொல்ல முடியவில்லை. "ஒருவேளை வயசு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்னங்க ஆகும்?" என்று சுற்றி வளைத்தேன். "போர்ட்ல வந்து பேசுங்க மேடம்" என்றாள். ரத்து செய்து புதிதாகப் போடலாமா என்று பார்த்தால், அதே கப்பலுக்கு விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறியிருந்தது. போனை மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. குள்ளமாகத்தானே இருக்கிறாள், அத்தனை கூட்டத்தில் யார் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கப் போகிறார்கள் என்று பகலில் தைரியம் சொல்லிக்கொள்வேன். சாயந்தரம் ஆனால் அந்தத் தைரியம் கழன்றுவிடும்.

வீடோ கல்யாண வீடு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் கூடாரத் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். நாத்தனார் சாமை மாவில் முறுக்குச் சுட்டு டின்னில் அடைத்துக்கொண்டிருந்தாள். மகள்தான் அந்த வாரம் அதிகம் பேசவில்லை. மலைமேல் கடைத்தெரு இருக்கிற செம்மேட்டுக்குப் போய் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து வந்தது அவள்தான். வந்ததிலிருந்து ஒரு மாதிரி இருந்தாள். பெட்டியைக் கிளறி, ஐந்தாம் வகுப்பில் போட்ட மஞ்சள் கவுனை எடுத்து வைத்தாள்.

"ஏஞ்சாமி, வெளிநாடு போறப்ப புதுசு போடாம, முட்டி தெரியற பழசப் போயி எடுத்திருக்கற?" என்று நாத்தனார் கேட்டாள்.

"இதான் எனக்கு ராசி அத்த."

"நல்ல ராசி! அந்த ஊர்க்காரங்க, இவங்கம்மா துணியே எடுத்துத் தர்றதில்லன்னு நெனப்பாங்க."

நானும் சிரித்து வைத்தேன். என் பயம் எனக்குப் பெரிது. அவள் முகத்தை நிமிர்த்திப் பார்க்க எனக்கு நேரமில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை மலை இறங்கினோம். பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றார். "மூணு முழுசு, ஒரு அரை" என்றது என் வாய். ஒரு வாரமாக இதை நினைத்து வெந்துகொண்டிருக்கிறேன், அப்படியும் வாய் அதையே சொன்னது! பக்கத்தில் மகள் முழங்காலை மடக்கினாள். கிர்ரக். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தச் சத்தம் எனக்கு வயிற்றில் கேட்டது. எழுபது வளைவும் இறங்கி முடிகிற வரை ஒவ்வொரு வளைவிலும், சொல்லிவிடு, இவரிடம் இப்போதே சொல்லிவிடு என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் கூடார மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப் போகிறவர் மாதிரி, தூங்கிக்கொண்டு வந்தார். திருச்சியில் சொல்லலாம் என்று நினைத்தேன். தஞ்சாவூரில் சொல்லலாம் என்று நினைத்தேன். வயல்கள் தட்டையாகிக்கொண்டே போயின. ஆசைப்பட்ட தட்டை. எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. சாயந்தரம் நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். உப்புக் காற்று ஜன்னலில் வந்து மோதியது. நாத்தனார் அதை மோந்து மோந்து சிரித்தாள். நான் அப்போதும் சொல்லவில்லை.

விடிந்ததும் துறைமுகம். வரிசையில் பெரிய பெரிய மூட்டைகள், சின்னக் குழந்தைகள், இரண்டு பக்கத்துத் தமிழும் கலந்த சத்தம். என் வீட்டுக்காரர் எடை போடுகிற இடத்துக்கு மூட்டையோடு போனார். நானும் மகளும் நாத்தனாரும் கவுண்டரில் நின்றோம். கவுண்டரில் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பேச்சில் நாகப்பட்டினத்துக்காரர் என்று தெரிந்தது.

"பெரியவங்க மூணு, குழந்தை ஒண்ணு. பாப்பா எங்கம்மா?"

மகள் முன்னால் வந்தாள். மஞ்சள் கவுன், ரிப்பன் வைத்த ரெட்டை ஜடை. முழங்கால் லேசாக மடிந்திருந்தது. தோள் சுருங்கியிருந்தது. அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ராசியாம் ராசி!

"ஒனக்கு வயசு என்னம்மா?"

கேட்டது அவளிடம். அவளோ என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பார்க்கிற அதே பார்வை. நீ சொல்லும்மா, நான் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்கறேன். என் வாயில் பதினொன்றும் வரவில்லை, பதின்மூன்றும் வரவில்லை. நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததும் அவளே திரும்பிக் கேட்டாள்:

"எதுலங்க? டிக்கெட்லயா, பாஸ்போர்ட்லயா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கவுண்டர்ப் பெண் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பிரித்தார், டிக்கெட்டைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"பதிமூணு முடிஞ்சிருச்சேம்மா?"

"தெரியாமப் போட்டுட்டேங்க" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பொய்யையும் சேர்த்து அவள்தான் சுமக்க வேண்டும் என்று தோன்றியது. "இல்லீங்க" என்றேன். "தெரிஞ்சுதாங்க போட்டேன்."

அவர் டிக்கெட்டைக் கீழே வைத்தார். "தெரியாமப் போட்டேன்னு சொல்றவங்கள நெறையப் பாத்திருக்கேன். தெரிஞ்சு போட்டேன்னு சொன்னது நீங்கதாம்மா மொத ஆளு. ஆனா அதுக்காக ரூல் மாறாது. நான் இங்க விட்டாலும் உள்ள பாப்பாங்க. அங்க புள்ளய மட்டும் தனியா நிறுத்துனாங்கன்னா நீங்க தாங்குவீங்களா?"

"மீதிப் பணத்தக் கட்டிர்றேங்க. கடன் வாங்கியாச்சும் கட்டிர்றேங்க."

"பணம் இல்லம்மா பிரச்சன. கொழந்த சீட்ட பெரியவங்க சீட்டா மாத்த முடியாது. புதுசா எடுக்கணும். இன்னிக்குக் கப்பல் ஃபுல்." கையெழுத்துப் போட வைத்திருந்த பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "ஒண்ணு செய்யலாம். ஒரே புக்கிங்ல இருக்கற குடும்பத்துக்குள்ள பெரியவங்க சீட்டுல ஆள மாத்திக்கலாம். லிஸ்ட் மூடறதுக்குள்ள. போகவும் வரவும் அதே சீட்டு. ஆனா நாலு பேரும் போக முடியாது. மூணு பேருதான். பத்து நிமிஷம் இருக்கு. பேசிட்டு வாங்க."

எடை போடுகிற இடத்திலிருந்து என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். மூட்டை சரியாக அளவுக்குள் இருந்ததாம். நாத்தனார்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போனது.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"ஒரு வாரமாங்க."

"ஒரு வாரமா?"

அவ்வளவுதான் கேட்டார். குனிந்து, சரியாகவே கட்டியிருந்த மூட்டைக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு நிமிர்ந்து, "நீ போ புள்ள. நீதான இதுக்குக் கெடையாக் கெடந்த. நான் ஊட்டுக்குப் போயி மாட்டப் பாக்கறேன்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம், நான் போறேன் திரும்பி" என்றாள் நாத்தனார். "எனக்குத் தண்ணியப் பாத்தாலே தல சுத்துது. ஏனண்ணி, இத்தன வருசம் பஸ்ல மிச்சம் புடிச்சத மொத்தமாக் கொண்டாந்து கப்பல்ல குடுத்துட்டீங்களே!" சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மகள் பேசினாள். "நான் நின்னுக்கறேன்பா. அத்த ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவட்டும், நீயும் அம்மாவும் போங்க. என்னாலதான இப்படி ஆச்சு."

"உன்னால என்ன கண்ணு ஆச்சு?" என்றார் அவர்.

"நான் வளந்ததாலதான." கவுனின் ஓரத்தைப் பிடித்து முட்டிவரை இழுத்தாள். "பிரிண்ட் எடுத்தன்னிக்கே பாத்துட்டேன், பதினொண்ணுன்னு இருந்துது. இதப் போட்டா சின்னதாத் தெரிவேன்னு நெனச்சேன். கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன். தெரியலம்மா."

எனக்கு இருந்த அதே ஒரு வாரம் அவளுக்கும் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். நான் பாறையில் ஏறி ஒளிந்தேன். அவள் ஐந்தாம் வகுப்புக் கவுனுக்குள் ஒளியப் பார்த்திருக்கிறாள்.

அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. என் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மற்ற மூன்றையும் கவுண்டரில் வைத்தேன். "என் பேர எடுத்துட்டு இவ பேரப் போடுங்க" என்றேன். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மனசு மாறியிருக்கும். ஐந்து வாரம் தேடிய கடல் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால்தான் இருந்தது. எனக்கு அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கவுண்டர்ப் பெண் தட்டச்சு செய்துகொண்டே, பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே, மகளைப் பார்த்து மறுபடி கேட்டார். வேண்டுமென்றே கேட்டார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். "வயசு சொல்லும்மா."

மகள் இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. "பதிமூணுங்க" என்றாள். மடங்கியிருந்த முழங்கால் நிமிர்ந்தது, தோள் விரிந்தது. என் காதுக்கு மேலே வந்துவிட்டாள். அவள் அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அவர்கள் போனார்கள். பனங்காணியில் கூடாரம் அடித்து, மூன்று கல் வைத்துச் சமைத்து, ஐந்து இரவு அலைச் சத்தத்தில் படுத்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமை அதே கப்பலில் திரும்பி வந்தார்கள். நாத்தனாருக்குத் தண்ணீரில் தலை சுற்றவே இல்லையாம். என் வீட்டுக்காரர் அந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் இன்னும் கடல் தாண்டவில்லை. பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. தாண்டுவேன்.

பஸ்ஸில் இப்போது அவளுக்கு முழு டிக்கெட்தான். முதல் தடவை கேட்டபோது, "ஏக்கா, ஒரே மாசத்துல புள்ள வளந்துருச்சா?" என்றார் எங்கள் வழித்தடத்துக் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தடவை குனியச் சொன்னபோதும், நீ வளர்வது எங்களுக்குச் செலவு என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் அதை நம்பியும் இருக்கிறாள். பிடித்த மிச்சம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது, அவள் நம்பியது மட்டும் துறைமுகத்தில் வெளியே வந்தது. அவள் நிமிர்ந்து நின்ற அந்த உயரத்தை நான் ஒரு நாள் தாமதமாகப் பார்த்திருந்தாலும் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

அன்றைக்குத் துறைமுகத்தில் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் என்னை விட்டார்கள். என் வீட்டுக்காரர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டு உள்ளே போனார். நாத்தனார் முறுக்கு டின்னைத் திறந்து பாதியை என் பைக்குள் கொட்டிவிட்டு அவர் பின்னால் போனாள். மகள் மட்டும் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முந்தானையைச் சரிசெய்தாள். பை ஜிப் மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"வெறும் வயித்தோட பஸ் ஏறாதம்மா. திருச்சியில எறங்கிச் சாப்புட்டுட்டு அடுத்த பஸ் ஏறு. அப்பாவையும் அத்தையையும் நான் பாத்துக்கறேன். போயிட்டு வாரேன்."